கம்பெனி நடத்தியவர் நாட்டை நடத்தலாமா?

1928 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் 48 மாநிலங்களில் 40-ஐ வென்றவர் ஹெர்பர்ட் ஹூவர். அதற்கு முன் அவர் தேர்தலில் வென்று எந்தப் பதவியிலும் அமர்ந்தவரில்லை. பத்து வயது நிறைவதற்குள் தாயையும் தந்தையையும் இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்து, நிலவியல் படித்து, ஆஸ்திரேலியாவிலும் சீனாவிலும் சுரங்கப் பொறியாளராகப் பேர் வாங்கியவர். நாற்பது வயதை எட்டும்போது லண்டனில் குடியிருந்த பெரும் பணக்காரர். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டு பெல்ஜியம் பட்டினியில் விழுந்தபோது, சம்பாதிப்பதை ஒதுக்கி வைத்துவிட்டு நிவாரண வேலையில் இறங்கினார். கப்பல் பிடிப்பது, கோதுமை வாங்குவது, சண்டையிடும் இரு தரப்பிடமும் பேசி வழி திறக்கச் செய்வது என்று எல்லாவற்றையும் ஒரு பெரிய நிறுவனத்தின் ஒழுங்கோடு நடத்தினார். பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த உணவால் பிழைத்தார்கள்.

திறமையும் நேர்மையும் இரக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அரிது. ஹூவரிடம் சேர்ந்திருந்தன. 1929 மார்ச்சில் பதவியேற்றார். அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. 1932 தேர்தலில் அவருக்கு மிஞ்சியவை ஆறே மாநிலங்கள். வேலையும் வீடும் போனவர்கள் தகரத்தையும் அட்டையையும் வைத்துக் கட்டிக்கொண்ட குடிசைப் பகுதிகளுக்கு நாடெங்கும் மக்கள் வைத்த பெயர் 'ஹூவர்வில்'.

தொழிலில் வென்றவர் நல்ல அதிபராக இருப்பாரா என்ற கேள்வியை ஹூவரிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். ஒரு மோசடிப் பேர்வழியை எடுத்துக்காட்டி, முதலாளிகள் எல்லாம் இப்படித்தான் என்று முடித்துவிடுவது எளிது. அதில் யாருக்கும் எதுவும் விளங்காது. நல்லவராகவும் வல்லவராகவும் இருந்த ஒருவர் எங்கே சறுக்கினார் என்று பார்க்க வேண்டும்.

'நாட்டை ஒரு கம்பெனி மாதிரி நடத்த ஆள் வேண்டும்' என்ற பேச்சு இன்று பல நாடுகளிலும் கேட்கிறது. அப்படிச் சொல்பவரை அறியாதவர் என்று தள்ளிவிடக் கூடாது. ஒரு சான்றிதழுக்குப் பத்து முறை அலைந்தவர், பாதியில் நிற்கும் பாலத்தைத் தினமும் சுற்றிக்கொண்டு போகிறவர், கையூட்டு கொடுத்தே காரியம் முடித்தவர் சொல்கிறார் அதை. தனியார் நிறுவனத்தில் வேலை நடக்காவிட்டால் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை அவர் கண்ணால் பார்க்கிறார். அந்தப் பொறுப்பு அரசிலும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஆசை நியாயமானது. அதற்கு அவர் தேடும் ஆள்தான் சரியா என்பதே பிரச்சினை.

1930 கோடையில் அமெரிக்காவின் தெற்கிலும் நடுப்பகுதியிலும் கடும் வறட்சி. ஆர்கன்சா மாநிலத்துப் பருத்தி விவசாயிகளுக்கு விளைச்சலும் இல்லை, கையில் காசும் இல்லை, கடன் தந்த வங்கிகளும் அடுத்தடுத்து மூடின. நிவாரணச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, விதைக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் விவசாயிகளுக்குக் கடன் தர ஹூவர் அரசு ஒப்புக்கொண்டது. மனிதர் சாப்பிடும் உணவுக்குக் கடன் தருவதை எதிர்த்தது. அதைச் செஞ்சிலுவைச் சங்கமும் உள்ளூர் தர்மமும் பார்த்துக்கொள்ளும் என்றது. 1931 ஜனவரியில் ஆர்கன்சாவில் இங்கிலாந்து என்ற சிற்றூரில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் விண்ணப்பப் படிவங்கள் தீர்ந்துபோயின. படிவம் இல்லாததால் உணவும் இல்லை. பசித்த விவசாயிகள் நூற்றுக்கணக்கில் கடைவீதியில் திரண்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டும், கொடுக்காவிட்டால் நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று நின்றார்கள். கடைக்காரர்கள் கதவைத் திறந்து கொடுத்தார்கள்.

பெல்ஜியத்தில் அந்நியப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர், தன் நாட்டுக் குடியானவனின் மாட்டுக்குத் தீவனம் கொடுத்துவிட்டு அவனுக்கு ரொட்டி கொடுக்க மறுத்தது ஏன்? கல்நெஞ்சம் என்று சொல்ல முடியாது. அவர் போட்ட கணக்கு வேறு. விதையும் தீவனமும் முதலீடு. அடுத்த அறுவடையில் கடன் திரும்பி வரும். சோறு செலவு, திரும்பி வராது. வராதது மட்டுமில்லை, அரசாங்கம் சோறு போடத் தொடங்கினால் மனிதன் உழைக்கும் குணத்தை இழந்துவிடுவான் என்றும் அவர் உண்மையாகவே நம்பினார். பெல்ஜியத்தார் போரில் மாட்டிக்கொண்டவர்கள்; அவர்கள் பட்டினிக்கு அவர்கள் காரணமில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொந்த நாட்டில் பட்டினி கிடப்பவனைப் பார்த்தபோது அந்தத் தெளிவு வரவில்லை. அனாதையாகப் பிறர் வீட்டில் வளர்ந்து உழைத்து மேலே வந்த அவருடைய வாழ்க்கையே அந்தத் தெளிவுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

சும்மா இருந்தார் என்றும் சொல்லக் கூடாது. சந்தை சரிந்த அடுத்த மாதமே பெருந்தொழிலதிபர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, கூலியைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஹென்றி ஃபோர்டு கூலியை நாளுக்கு 7 டாலராக உயர்த்தினார். இரண்டு ஆண்டுகள்கூட அந்த வாக்கு நிற்கவில்லை. 1931 செப்டம்பரில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் கூலியை 10 சதவீதம் குறைத்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அந்த நிறுவனங்களின் நோக்கில் அது தவறில்லை, விற்காத சரக்கை வைத்துக்கொண்டு எத்தனை காலம் கூலி கொடுக்க முடியும்? எல்லா நிறுவனங்களும் தங்கள் தங்கள் அளவில் சரியானதையே செய்தன. 1933-இல் நாட்டில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை.

நிறுவனத்துக்கு வெளியே என்று ஓர் இடம் இருக்கிறது. நட்டத்தில் ஓடும் கிளையை மூடலாம். ஒத்துவராத ஆளைக் கணக்குத் தீர்த்து அனுப்பலாம். காசு கொடுக்க முடியாதவருக்குச் சரக்கு கொடுக்க வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் தயங்காமல் செய்யத் தெரிந்தவரைத்தான் திறமையான நிர்வாகி என்கிறோம், அதில் பிழையுமில்லை. மூழ்கும் கிளையை மூடாமல் வைத்திருந்தால் மற்ற கிளைகளின் தொழிலாளர்களும் சேர்ந்து மூழ்குவார்கள். ஆனால் கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்டவர் எங்கே போகிறார்? நாட்டுக்குள்தான் இருக்கிறார். அவருடைய பிள்ளை அரசுப் பள்ளிக்கு வருகிறது, அவருடைய நோய் அரசு மருத்துவமனைக்கு வருகிறது, அவருடைய கோபம் வீதிக்கு வருகிறது. நிறுவனங்கள் தங்கள் பேரேட்டிலிருந்து கழித்துவிட்டவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடம் அரசு. அரசுக்கு வெளியே என்று ஓர் இடமில்லை. லாபம் தராத மாவட்டத்தை மூட முடியாது. எழுபது வயதுக் கிழவியைக் குடியுரிமையிலிருந்து ஆட்குறைப்பு செய்ய முடியாது.

தொழிலில் ஒருவர் காட்டிய திறமையில் எவ்வளவு பங்கு கழித்துவிடும் சுதந்திரத்திலிருந்து வந்தது என்று அவருக்கே தெரிந்திருப்பதில்லை. அந்தச் சுதந்திரம் பறிக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அல்லது கடைசிவரை தெரியாமலே போகிறது.

ஒரு வியாபாரக் கம்பெனி உண்மையிலேயே நாட்டை ஆண்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1765-இல் வங்காளத்தின் நிலவரி வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. 1770-இல் பெரும் பஞ்சம். வங்காள மக்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் மாண்டார்கள் என்று கம்பெனியின் வங்காள ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸே 1772-இல் லண்டன் இயக்குநர்களுக்கு எழுதினார். அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது: பஞ்சத்துக்கு மறு ஆண்டான 1771-இல் வசூலான நிகர வரி, பஞ்சத்துக்கு முந்திய 1768-இன் வசூலைவிட அதிகம். செத்தவர்களின் வரியையும் பிழைத்தவர்களிடம் வாங்கியிருந்தார்கள். பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லும் நிறுவனம் என்ற அளவில் அது நல்ல ஆண்டறிக்கை. தெற்கே பாளையக்காரர்களிடம் கிஸ்தி கேட்டு வந்ததும், கொடுக்க மறுத்த கட்டபொம்மனை 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும் இதே கம்பெனிதான். தடையற்ற வணிகத்தின் தந்தை என்று இன்று முதலாளிகள் கொண்டாடும் ஆடம் ஸ்மித், வணிகர் கூட்டத்தின் ஆட்சியையே ஆட்சிகளில் மிக மோசமானது என்று 1776-இல் எழுதியதற்குக் காரணம் இந்த அனுபவம். ஆளப்படுகிறவர்களின் நலனும் ஆளுகிறவரின் லாபமும் நேரெதிராக நிற்கும் என்பதை அவர் கண்டார். கம்பெனி ஊழியர்களின் குணத்தை அவர் பழிக்கவில்லை, அந்த ஆட்சி முறையையே பழித்தார்.

இன்றைய தொழிலதிபர் கம்பெனியைக் கொண்டுவருவதில்லை, கம்பெனியில் கற்ற பழக்கத்தைத்தானே கொண்டுவருகிறார் என்று கேட்கலாம். சரி, பழக்கத்தையே பார்ப்போம். அதற்குத் தென்கொரியாவின் லீ மியுங்-பாக்கைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். குப்பை அள்ளிக் கல்லூரிக் கட்டணம் கட்டிய ஏழைப் பிள்ளை. 1965-இல் ஹூண்டாய் கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்து 12 ஆண்டுகளில் அதன் தலைவரானார். வேலையைத் தள்ளிக்கொண்டு போகும் வேகத்தால் 'புல்டோசர்' என்று பெயர் எடுத்தார். 2002-இல் சியோல் மேயரானார். நகரின் நடுவே கான்கிரீட்டுக்கு அடியில் புதைந்து கிடந்த சோங்கேச்சோன் ஓடைக்கு மேலிருந்த மேம்பாலச் சாலையை இடித்து, சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையை மீட்டுத் திறந்துவிட்டார். இரண்டே ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆனது. நகரத்துப் பேருந்து வழித்தடங்களையும் மாற்றி அமைத்தார். இன்று சியோலுக்குப் போகிறவர்கள் கால் நனைத்துவிட்டு வரும் நீர் அது. ஒரு தொழிலதிபரின் திறமை பொதுவாழ்வுக்கு என்ன தர முடியும் என்பதற்கு அந்த ஓடை நேர்மையான சான்று; மறுக்க வேண்டியதில்லை.

அதே மனிதர் 2008 பிப்ரவரியில் அதிபரானார். பொருளாதாரம் ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும், தலைக்கு 40,000 டாலர் வருமானம் வரும், கொரியா உலகின் ஏழாவது பெரிய பொருளாதாரமாகும் என்பது அவர் வாக்குறுதி. பதவியேற்ற இரண்டாம் மாதம், அமெரிக்க அதிபரைச் சந்திக்கப் போன நேரத்தில், அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதிக்கு இருந்த தடையை நீக்க அவருடைய அரசு ஒப்பந்தம் செய்தது. தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்கு அது வழிவிடும் என்பது கணக்கு. பேரம் என்ற அளவில் புத்திசாலித்தனமான விட்டுக்கொடுப்பு. மாடுகளின் மூளை நோயைப் பற்றிய அச்சம் அப்போது கொரியாவில் பலமாக இருந்தது. பள்ளி மாணவிகள் மெழுகுவர்த்தியோடு வீதிக்கு வந்தார்கள். பிறகு தாய்மார்கள், பிறகு எல்லோரும். ஜூன் மாதத்தில் சியோலின் நடுச் சாலையில் சரக்குக் கன்டெய்னர்களை அடுக்கி அரண் எழுப்பி அதிபர் மாளிகைக்குப் போகும் வழியைப் போலீஸ் அடைத்தது. லீ இரண்டு முறை மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த இறைச்சி உண்மையில் எவ்வளவு ஆபத்தானது என்பதில் அறிவியலாளர்கள் பலர் மக்களின் அச்சத்தை ஏற்கவில்லை. ஆனால் வீதிக்கு வந்தவர்கள் கேட்டது அறிவியல் மட்டுமில்லை. எங்கள் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்பதை எங்களைக் கேட்காமல் யார் முடிவு செய்தது என்று கேட்டார்கள். கட்டுமானக் கம்பெனியில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

நாட்டின் குறுக்கே பெரிய கால்வாய் வெட்டும் திட்டத்தை மக்கள் எதிர்ப்பால் கைவிட்டவர், நான்கு பெரிய ஆறுகளைச் சீரமைக்கும் திட்டத்தை அறிவித்தார். சுமார் 22 லட்சம் கோடி வோன் செலவு, 16 தடுப்பணைகள். அவருடைய பதவிக்காலத்துக்குள்ளேயே முடித்துவிட்டார், வேகத்தில் குறையில்லை. தேங்கிய நீரில் கோடைதோறும் பச்சைப் பாசி படர்ந்தது. கொரியாவின் தணிக்கை வாரியமே பின்னர் திட்டத்தைக் கடுமையாகக் குறை கூறியது. ஓடையை மீட்ட அதே கை, அதே வேகம். நகரத்தில் சரியாக வந்தது ஆற்றில் சரியாக வரவில்லை. ஆற்றைப் பற்றிச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். சூழலியலாளர்களும் துறவிகளும் எத்தனையோ முறை சொன்னார்கள். எதிர்ப்பைத் தாண்டி வேலையை முடிப்பதே வாழ்நாள் முழுக்க அவருக்கு வெற்றி தந்த வழி. எதிர்ப்பு என்பது ஒரு செய்தி, அதற்குக் காது கொடுப்பதும் வேலையின் ஒரு பகுதி என்று அந்த வழி கற்றுக்கொடுக்கவில்லை.

அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் தன் பதவிக்காலம் முடியும் தறுவாயில், அடுத்து வரவிருந்த தளபதி ஐசனோவரைப் பற்றி ஒன்று சொன்னார். இந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைச் செய், இதைச் செய் என்று உத்தரவு போடுவார், ஒன்றும் நடக்காது, இது ராணுவம் இல்லையே என்பது அதன் சாரம். ராணுவத் தளபதியைப் பற்றிச் சொன்னது முதலாளிக்கும் பொருந்தும். நீதிமன்றம், நாடாளுமன்றம், மாநிலங்கள், பத்திரிகைகள் எதுவும் அதிபரின் ஊழியர்கள் இல்லை. அவற்றைத் தடங்கல் என்று பார்ப்பவருக்கு முதலில் எரிச்சல் வரும், பிறகு அவற்றை உடைக்கத் தோன்றும்.

இலக்கு வைத்து வேலை வாங்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொலைத்தொடர்புத் தொழிலில் பெரும் பணம் சேர்த்த தக்சின் ஷினவத்ரா 2001-இல் தாய்லாந்தின் பிரதமரானார். (பிரதமர்தான், அதிபர் இல்லை, அறக்கேள்வி ஒன்றே.) ஒரு முறை மருத்துவமனைக்குப் போனால் 30 பாட் கட்டணம், மற்றதை அரசு ஏற்கும் என்ற திட்டத்தை விரைவாக நாடெங்கும் கொண்டுவந்தார். வட கிழக்கு ஏழைக் கிராமங்கள் அதை இன்றும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதே ஆட்சி மாகாண ஆளுநர்களை 'சி.இ.ஓ. ஆளுநர்கள்' என்று அழைத்தது. 2003-இல் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியபோது, சந்தேகப் பட்டியலில் உள்ள பெயர்களை இத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்று மாகாணங்களுக்கு இலக்கு வைத்தார்கள். எட்டாதவர் பதவியில் நீடிக்க முடியாது. மூன்றே மாதங்களில் 2,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போதைப்பொருளோடு தொடர்பே இல்லை என்று பிற்பாடு அமைந்த விசாரணைக் குழு கண்டது. விற்பனைப் பிரிவில் இலக்குக்காகப் பொய்க் கணக்கு எழுதினால் நிறுவனத்துக்கு நட்டம். துப்பாக்கி உள்ள இடத்தில் இலக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் குடும்பங்கள் அறியும்.

இதுவரை பேசியது திறமையைப் பற்றி. சொத்தைப் பற்றிய கேள்வி இன்னும் நேரடியானது, விடையும் தெளிவானது.

1953 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் சார்ல்ஸ் வில்சனைப் பாதுகாப்பு அமைச்சராக ஐசனோவர் முன்மொழிந்தார். அமெரிக்க ராணுவத்துக்கு வண்டியும் தளவாடமும் விற்பதில் அந்த நிறுவனம் முன்னணியில் இருந்த காலம். செனட் குழு அவரை உட்கார வைத்துக் கேட்டது: உங்களிடம் சுமார் 25 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகள் இருக்கின்றன, நிறுவனத்துக்குப் பாதகமாக முடிவெடுக்க வேண்டி வந்தால் எடுப்பீர்களா? எடுப்பேன் என்றார். ஆனால் அப்படி ஒரு நிலை வருமென்றே தன்னால் எண்ண முடியவில்லை, நாட்டுக்கு நல்லது தன் நிறுவனத்துக்கும் நல்லது, நிறுவனத்துக்கு நல்லது நாட்டுக்கும் நல்லது என்றே தான் பல்லாண்டுகளாக நம்பி வந்ததாகவும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. இருபதாண்டு, முப்பதாண்டு ஒரு நிறுவனத்துக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவருக்கு அதன் நலனும் உலகத்தின் நலனும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால்தான் அவருடைய மனச்சாட்சியை மட்டும் நம்பி விட முடியாது. செனட் விடவில்லை. பங்குகளை விற்க ஒப்புக்கொண்ட பிறகே வில்சன் அமைச்சரானார்.

அமைச்சருக்கு உள்ள இந்தக் கட்டாயம் அமெரிக்க அதிபருக்கு இல்லை. தனக்குப் பண ஆதாயம் உள்ள விஷயத்தில் அதிகாரி முடிவெடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்திலிருந்து அதிபரும் துணை அதிபரும் விலக்கப்பட்டவர்கள். 1989 திருத்தம் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதிபரின் கை படாத துறையே இல்லை, ஒவ்வொன்றிலும் ஒதுங்கி நிற்கச் சொன்னால் அவர் எதையுமே செய்ய முடியாது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயத்திலிருந்து வரவேண்டிய முடிவு நேரெதிரானது. எதிலும் ஒதுங்கி நிற்க முடியாதவர்தான் முழுவதையும் விற்றுவிட்டு வர வேண்டும்.

சட்டம் சொல்லாததை மனச்சாட்சியால் செய்தவர் உண்டு. ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாவில் வேர்க்கடலைக் கிடங்குத் தொழில் நடத்தியவர். 1977-இல் அதிபரானபோது அதை அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டுத் தலையிடாமல் இருந்தார். அப்படியும் அந்தக் கிடங்கு வாங்கிய கடன்களைப் பற்றிச் சந்தேகம் எழுந்து, 1979-இல் சிறப்பு வழக்கறிஞர் விசாரித்தார்; குற்றம் ஏதுமில்லை என்று முடிந்தது. நான்கு ஆண்டு கழித்து ஊர் திரும்பியபோது தொழில் ஏறத்தாழ 10 லட்சம் டாலர் கடனில் இருந்தது. அதை விற்றுக் கடனை அடைத்தார். பதவிக்கு அவர் கொடுத்த விலை அது.

2017-இல் டொனால்ட் டிரம்ப் தன் நிறுவனத்தின் நிர்வாகத்தை மகன்களிடம் கொடுத்து, உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அரசு நெறிமுறை அலுவலகத்தின் தலைவர் இது போதாது என்று பகிரங்கமாகச் சொன்னார். வாஷிங்டனில் வெள்ளை மாளிகையிலிருந்து சில தெருக்கள் தள்ளி, பழைய தபால் நிலையக் கட்டடத்தை அரசிடம் குத்தகைக்கு எடுத்து அவருடைய நிறுவனம் ஹோட்டல் நடத்தியது. கட்டடத்தைக் குத்தகைக்கு விட்ட அரசுத் துறை அதிபருக்குக் கீழே இயங்குவது. குத்தகைக்கு விட்டவருக்கும் எடுத்தவருக்கும் மேலே உட்கார்ந்திருந்தவர் ஒருவரே. வெளிநாட்டு அரசுகளின் விருந்தினர்கள் அங்கே அறை எடுத்துத் தங்கினார்கள். வெளிநாட்டு அரசுகளிடமிருந்து ஆதாயம் பெறுவதைத் தடுக்கும் அரசியலமைப்புப் பிரிவின் கீழ் வழக்குகள் வந்தன. தீர்ப்பு வருமுன் பதவிக்காலம் முடிந்தது. இனி விசாரிக்கத் தேவையில்லை என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்குகளை மூடிவிட்டது.

தக்சின் கதை இன்னும் பச்சையானது. தொலைத்தொடர்பு நிறுவனங்களில் வெளிநாட்டார் வைத்திருக்கக்கூடிய பங்கின் வரம்பை 25 சதவீதத்திலிருந்து 49 சதவீதமாக உயர்த்தும் சட்டம் 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வந்த சில நாட்களுக்குள் அவருடைய குடும்பம் தன் நிறுவனப் பங்குகளைச் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்கிடம் சுமார் 7,300 கோடி பாட்டுக்கு விற்றது. வரி கட்டவில்லை. பாங்காக் வீதிகளில் மக்கள் திரண்டார்கள். செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2010-இல் நீதிமன்றம் அந்தப் பணத்தில் 4,600 கோடி பாட்டைப் பறிமுதல் செய்தது. ராணுவம் செய்தது ஜனநாயகத்துக்கு எதிரான குற்றம், அதை எந்தப் பங்கு விற்பனையும் நியாயப்படுத்தாது. ஆனால் ராணுவத்துக்கு வாசலைத் திறந்துவிட்டதில் அந்த விற்பனைக்குப் பங்கு உண்டு. லீ மியுங்-பாக்கும் சொத்து விவகாரத்தில் நீதிமன்றத்தில்தான் போய் நின்றார். தன்னுடையது இல்லை என்று அவர் சொல்லிவந்த டாஸ் என்ற கார் உதிரிபாக நிறுவனம் அவருடையதே என்று கண்ட நீதிமன்றங்கள், ஊழலுக்காக அவருக்கு விதித்த 17 ஆண்டுச் சிறைத் தண்டனை 2020-இல் உறுதியானது. 2022 இறுதியில் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்.

பணக்காரர் திருட வேண்டிய அவசியமில்லை, அதனால் கை சுத்தமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தக்சினும் லீயும் அந்த நம்பிக்கைக்கு ஆதரவு தரவில்லை.

தொழில்முறை அரசியல்வாதிகள் மட்டும் யோக்கியமா என்ற கேள்வி எழும், எழ வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைகூட மாதக் கடைசியில் பத்துப் பேருக்குச் சம்பளம் போட்டறியாதவர்கள் தொழிற்கொள்கை வகுக்கிறார்கள். அதன் கேட்டை நாம் அனுபவிக்கிறோம். தொழில் நடத்தியவருக்குத் தாமதத்தின் விலை தெரியும். வல்லுநரை நம்பி வேலையை ஒப்படைக்கத் தெரியும். 2010-இல் சிலி நாட்டின் பாலைவனச் சுரங்கத்தில் 33 தொழிலாளர்கள் 69 நாட்கள் புதைந்து கிடந்தபோது, அப்போது அதிபராக இருந்த தொழிலதிபர் செபாஸ்டியன் பின்யேரா செலவைப் பாராமல் ஒரே நேரத்தில் மூன்று வழிகளில் துளையிட வைத்தார். ஒன்று பழுதானாலும் மற்றொன்று எட்டும் என்பது நல்ல நிர்வாகியின் முன்யோசனை. 33 பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். அந்த நாட்களில் அங்கே யாரும் ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குக் கேட்கவில்லை. நிர்வாகத் திறமை தன் பழைய கணக்கு முறையை விட்டுவிட்டு வந்ததால்தான் அங்கே அத்தனை பயன்பட்டது. அதே பின்யேரா 2019-இல், மெட்ரோ ரயில் கட்டணம் 30 பெசோ கூடியதற்கு எழுந்த கொந்தளிப்பின் ஆழத்தைக் கடைசிவரை புரிந்துகொள்ளத் திணறினார்.

தொழிலில் தோற்றவர் ஒருவரையும் எண்ணிப் பார்க்கலாம். ட்ரூமன் 1919-இல் கன்சாஸ் சிட்டியில் நண்பரோடு சேர்ந்து ஆடவர் துணிக்கடை திறந்தார். 1922-இல் மூடினார். விலைவாசி சரிந்து வாங்கி வைத்த சரக்கெல்லாம் மதிப்பிழந்தது. திவால் அறிவித்துக் கைகழுவாமல், பல்லாண்டுகள் கடனை அடைத்தார். தன் பிழை எதுவும் இல்லாமலே ஒருவன் விழக்கூடும் என்பதை அவர் கல்லாப்பெட்டியில் பார்த்திருந்தார். அதிபரான 1945-லேயே எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டார்; கிடைக்கவில்லை, கேட்டார் என்பது முக்கியம். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நிறுவ முடியாது. தோல்வியே தகுதி என்று சொல்லவும் முடியாது. விவசாயத்திலும் வியாபாரத்திலும் தோற்றுத் தளபதியாகி அதிபரான யுலிசிஸ் கிராண்டின் ஆட்சி முழுக்க ஊழல் புகார்கள். ஆனால் ஹூவரையும் ட்ரூமனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. வென்றவர் தன் வெற்றியில் தன் உழைப்பை மட்டும் பார்க்கிறார். காலமும் இடமும் பிறரும் தந்ததைப் பார்ப்பதில்லை. வெற்றி எவ்வளவு பெரிதோ அவ்வளவு உறுதியாக, விழுந்தவன் உழைக்கவில்லை என்று நம்புகிறார். ஆட்சியில் உட்கார்ந்தவருக்கு இந்த நம்பிக்கையைவிட ஆபத்தான வேறொன்று இல்லை, ஏனென்றால் அவரிடம் வருபவர்களில் பெரும்பாலோர் விழுந்தவர்கள்.

எனவே தொழிலில் வெற்றி என்பதை அதிபர் பதவிக்கான தகுதிச் சான்றாகக் கொள்ள முடியாது. தடையாகவும் கொள்ள வேண்டியதில்லை. அப்படி வருகிறவரிடம் வாக்காளர் கேட்க வேண்டியவை வேறு. உங்கள் நிறுவனம் வெளியேற்றியவர்களுக்கு என்ன ஆனது என்று எப்போதாவது விசாரித்தீர்களா? உங்களால் வேலையைவிட்டு நீக்க முடியாத ஒருவரோடு உட்கார்ந்து பேசி, விட்டுக்கொடுத்து, ஒரு காரியத்தை முடித்திருக்கிறீர்களா? பஞ்சாயத்திலோ நகர மன்றத்திலோ, லாபம் இல்லாத ஒரு பொறுப்பில் சில ஆண்டுகளாவது இருந்தீர்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, பதவியேற்கும் நாளுக்கு முன் உங்கள் பங்குகளை, மகன் பெயரிலோ தம்பி பெயரிலோ மாற்றாமல், முழுவதும் விற்பீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்லத் தயங்குபவரின் மற்றப் பதில்களைக் கேட்க வேண்டியதில்லை.

1953-இல் பாதுகாப்பு அமைச்சராக வந்தவரிடம் அமெரிக்க செனட் கேட்டு வாங்கியதை, அந்த நாட்டின் அதிபரிடம் கேட்கும் சட்டம் இன்றுவரை இல்லை. அங்கே மட்டுமில்லை, முதலாளிகளை ஆட்சிக்கு அழைக்கும் எல்லா நாடுகளிலும் அந்தச் சட்டம் வர வேண்டும்.